வாக்குச்சீட்டு தந்தவன் வாய்ப்பூட்டும் போட்டான்!

ஆண்டுதோறும் நவம்பர் 25 வருகிறது. பெண்களுக்கெதிரான வன்முறையை ஒழிக்கும் நாள் என்று உலக நாடுகள் அதனைக் கடைப்பிடிக்கின்றன. மேடை போடுகிறார்கள், மாலை சூட்டுகிறார்கள், மந்திரிமார்கள் பேசுகிறார்கள், மறுநாள் மறந்தும் போகிறார்கள். ஆண்டில் 365 நாட்கள் இருக்க, இந்த ஒரு நாளை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்பவர் குறைவு. விடை சொல்பவர் அதனினும் குறைவு.

தோழர்களே! அந்த நாளுக்குப் பின்னே ஒரு மலைச்சாலை இருக்கிறது. சாலையோரம் தலைசுற்ற வைக்கும் பள்ளம் இருக்கிறது. பள்ளத்திலே நொறுங்கிய ஜீப்பு வண்டி. வண்டியோடு நான்கு பிணங்கள். மூவர் உடன்பிறந்த சகோதரிகள்; ஒருவர் வண்டியோட்டி. விபத்து என்றது அரசு. ஊர் நம்பவில்லை. அந்த மூவரிலே முன்னே நின்றவர் மினர்வா மிராபல். அவருடைய வாழ்க்கையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

சொல்வதற்குக் காரணம் உண்டு. பெண்ணுக்கு உரிமை தந்தேன் என்று ஒரு கொடுங்கோலன் சட்டம் எழுதலாம். அந்தச் சட்டத்தைக் காட்டி வெளிநாட்டு மன்றங்களிலே கைதட்டல் வாங்கலாம். கைதட்டுகிற நாடுகள் அவனுடைய சிறைச்சாலையை எட்டிப் பாராமலே இருந்துவிடலாம். இந்த மூன்றும் ஒருங்கே நடந்த நாட்டிலே பிறந்தவர் மினர்வா.

கரும்புத் தீவின் காவலன்

கரிபியன் கடலிலே ஒரு தீவு. மேற்குப் பகுதி ஹைட்டி. கிழக்குப் பகுதி டொமினிக்கன் குடியரசு. கரும்பும் காப்பியும் கொக்கோவும் விளையும் பூமி. 1916ல் அங்கே அமெரிக்கக் கடற்படை வீரர்கள் வந்திறங்கினர். கடன் பாக்கி என்றார்கள், அமைதி காக்க என்றார்கள். எட்டாண்டுக் காலம் நாட்டை ஆண்டார்கள். 1924ல் வெளியேறியபோது, தாங்கள் உருவாக்கிப் பயிற்சி தந்த காவற்படையை விட்டுச் சென்றார்கள். அந்தப் படையிலே சேர்ந்து, படிப்படியாக ஏறி, தலைமைப் பதவியைப் பிடித்தவன் ரஃபேல் ட்ருஹியோ. 1930ல் அவன் ஆட்சிபீடம் ஏறினான். 1961ல் சாகும் வரையில் அவனே அரசன், அவனே அரசு. சில வேளைகளில் குடியரசுத் தலைவர் நாற்காலியிலே தம்பியை அமர்த்துவான், தனக்கு வேண்டியவரை அமர்த்துவான். கயிறு மட்டும் தன் கையைவிட்டு நழுவ விடமாட்டான்.

1936ல் தலைநகர் சாந்தோ டொமிங்கோவுக்குத் தன் பெயரைச் சூட்டினான். நாட்டின் மிக உயர்ந்த மலைக்கும் தன் பெயர். இந்த வீட்டுக்கு ட்ருஹியோவே தலைவர் என்று அறிவிக்கும் பலகைகள் வீட்டுச் சுவர்களிலே தொங்கின. உப்பு அவன் கையில், பால் அவன் கையில், சிமென்ட் அவன் கையில். 1950களில் சர்க்கரை ஆலைகளிலே பெரும்பகுதியும் அவன் குடும்பத்தின் பிடிக்குள் வந்தது. உழைப்பவன் காலையில் உப்பு வாங்கினாலும் அவனுக்கு லாபம். மாலையில் கரும்பு வெட்டினாலும் அவனுக்கு லாபம்.

பாட்டாளி தலைதூக்கியபோது என்ன நடந்தது? 1946ல் கிழக்குப் பகுதிச் சர்க்கரை ஆலைத் தொழிலாளர்கள் மௌரீசியோ பாயெஸ் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வும் பெற்றார்கள். பாயெஸ் நாட்டைவிட்டு ஓட நேர்ந்தது. 1950ல் கியூபாவின் ஹவானா நகரிலே அவர் காணாமற்போனார். கடல் கடந்தும் அந்தக் கை நீண்டது.

1937ல் நடந்தது அதனினும் கொடிது. எல்லைப்புறத்திலே வாழ்ந்த ஹைட்டி மக்களை, ஆண் பெண் குழந்தை என்று பாராமல், ஆயிரக்கணக்கில் படையினர் வெட்டிச் சாய்த்தனர். உலகம் முகம் சுளித்தது. பேச்சுவார்த்தை நடந்தது. 7,50,000 டாலர் நட்டஈடு என்று முடிவாகி, பின்னர் அதுவும் 5,25,000 டாலராகக் குறைந்தது. கணக்குத் தீர்ந்தது! மறு ஆண்டு, 1938ல், ஹிட்லரின் கொடுமையிலிருந்து தப்பிய யூத அகதிகளை ஏற்க எந்த நாடும் முன்வராதபோது, ட்ருஹியோ எழுந்தான். ஒரு லட்சம் பேர் வரை ஏற்கிறேன் என்றான். வந்து குடியேறியவர்கள் சில நூறு பேர்தாம். அவர்கள் உயிர் பிழைத்தது நல்லதே. ஆனால் அண்டை நாட்டார் இரத்தம் காயுமுன்னே அவன் அருளாளர் வேடம் பூண்டானே, அந்த வித்தையைக் கவனியுங்கள். உள்ளே வாள், வெளியே சாமரம்! பெண்கள் விஷயத்திலும் இதே வித்தையைத்தான் காட்டினான்.

ஏட்டுச் சுரைக்காய்

டொமினிக்கன் பெண்கள் சும்மா இருக்கவில்லை. கற்ற மாதர் சிலர் 1931ல் சங்கம் அமைத்து வாக்குரிமை கேட்டனர். 1934ல் ஒத்திகைத் தேர்தல் என்று ஒன்றை நடத்தி, பெண்களை வரிசையிலே நிறுத்திப் பார்த்தான் ட்ருஹியோ. 1942ல் அரசியல் சட்டத்தைத் திருத்தி வாக்குரிமை வழங்கினான். அவ்வாண்டு மே 16ல் பெண்கள் முதன்முதலாக வாக்களித்தனர்.

யாருக்கு வாக்களித்தனர்? போட்டியிட்டவன் ஒருவனே. அவன் பெயர் ட்ருஹியோ!

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள் நம்மவர்கள். இங்கோ சுரைக்காய் ஏட்டிலே பளபளவென்று இருந்தது. அந்த ஏட்டை அவன் வெளிநாட்டுக்கு எடுத்துச் சென்றான்.

1945 ஜூன் 26ஆம் நாள் சான்பிரான்சிஸ்கோ நகரிலே ஐக்கிய நாடுகள் சாசனத்தில் உலக நாடுகள் கையெழுத்திட்டன. கையெழுத்திட்டவர்களில் நால்வரே பெண்கள். அந்த நால்வரில் ஒருவர் டொமினிக்கன் குடியரசின் பிரதிநிதி. அவர் பெயர் மினர்வா பெர்னார்டினோ. ஆணும் பெண்ணும் சமம் என்ற கருத்து அந்தச் சாசனத்திலே இடம்பெறப் போராடியவர்களில் அவரும் ஒருவர். பின்னாளில் ஐ.நா.வின் பெண்கள் நிலை ஆணையத்துக்குத் தலைமையும் வகித்தார். அவர் செய்த பணியை நான் குறைத்துப் பேச மாட்டேன். அந்தச் சொற்கள் இன்று எல்லா நாட்டுப் பெண்களுக்கும் சொத்து. ஆனால் அவரை அனுப்பிய அரசு எது? ட்ருஹியோவின் அரசு. உலக மன்றத்திலே ஒரு மினர்வா பெண்ணின் சமத்துவத்துக்காகப் பேசிக்கொண்டிருந்த காலத்தில், அதே நாட்டுச் சிற்றூரிலே இன்னொரு மினர்வா வளர்ந்து வந்தார். சாசனம் கையெழுத்தானபோது அவருக்கு வயது 19.

சால்செடோவின் செல்வி

மினர்வா மிராபல் பிறந்தது 1926 மார்ச் 12. ஊர், சால்செடோவை அடுத்த ஓஹோ தே ஆகுவா. தந்தை என்ரீக்கே நிலமும் வணிகமும் உடையவர், வசதியான குடும்பம். பெண்கள் நால்வர்: மூத்தவர் பாத்ரியா, அடுத்தவர் டேடே, மூன்றாமவர் மினர்வா, கடைக்குட்டி மரியா தெரெசா. கன்னியர் நடத்திய பள்ளியிலே படித்தார்கள். பள்ளியிலே மினர்வாவுக்குக் கிடைத்தது பாடம் மட்டுமன்று. தந்தையையும் உற்றாரையும் ட்ருஹியோ ஆட்சிக்குப் பறிகொடுத்த தோழியரின் கண்ணீர்க் கதைகளும் கிடைத்தன. சட்டம் படிக்க வேண்டும் என்பது அவர் கனவு. அப்பா அஞ்சினார். தலைநகருக்கு அனுப்பினால் இந்தப் பெண் வாய் மூடி இருக்கமாட்டாள் என்பது அவருக்குத் தெரியும். ஆண்டுகள் பல வீட்டிலேயே கழிந்தன. மினர்வா வீணே இருக்கவில்லை. புத்தகம் படித்தார், தடைசெய்யப்பட்ட வெளிநாட்டு வானொலிச் செய்திகளைக் கேட்டார், ஆட்சியை எதிர்க்கும் இளைஞர்களின் நட்பைப் பெற்றார்.

1949 அக்டோபர். சான் கிறிஸ்டோபல் நகரிலே ட்ருஹியோ ஒரு விருந்து வைத்தான். மிராபல் குடும்பத்துக்கு அழைப்பு வந்தது. அழைப்பு என்றா சொன்னேன்? ஆணை என்று திருத்திக்கொள்ளுங்கள். அழகிய பெண்கள் உள்ள வீடுகளுக்கு அந்த ஆணை வரும். வந்தால் மறுக்க எவருக்கும் துணிவில்லை. அவன் கண்பட்ட பெண்ணைக் காக்கத் தந்தைக்கும் வழியில்லை. நாட்டிலே பெண்ணுக்கு வாக்குரிமை வந்து ஏழாண்டு ஆகியிருந்தது!

அன்றிரவு சர்வாதிகாரி மினர்வாவோடு நடனமாடினான். தன் ஆசையைக் குறிப்பாலும் சொல்லாலும் உணர்த்தினான். மினர்வா மறுத்தார். கன்னத்திலே அறைந்தார் என்று பின்னாளில் கதை பரவிற்று. அறை விழவில்லை என்பாரும் உண்டு. கை ஓங்கியதோ இல்லையோ, மறுப்பு ஓங்கி விழுந்தது. நாடே ஆமாம் போட்ட மனிதனிடம் ஒரு கிராமத்துப் பெண் இல்லை என்று சொன்னார். தலைவன் எழுந்து போகுமுன்னே விருந்தினர் எவரும் கிளம்பக்கூடாது என்பது அங்கே எழுதாச் சட்டம். மிராபல் குடும்பம் அதற்கு முன்னரே கிளம்பிவிட்டது.

விலை கொடுக்க நேர்ந்தது. தந்தை கைதானார். மினர்வாவையும் தாயையும் தலைநகர் விடுதி ஒன்றிலே அடைத்து வைத்து விசாரித்தார்கள். மன்னிப்புக் கடிதம் எழுதச் சொன்னார்கள், மினர்வா எழுதவில்லை. 1951ல் மீண்டும் கைது. இம்முறை ட்ருஹியோவின் புகழ்பாடும் புத்தகத்தை வாங்கவில்லை என்பது குற்றம்! சிறையும் மிரட்டலும் தந்தையின் உடலை உருக்கின. 1953 டிசம்பரில் அவர் மறைந்தார்.

பட்டம் உண்டு, தொழில் இல்லை

1952ல் மினர்வா பல்கலைக் கழகத்திலே சட்டம் பயிலச் சேர்ந்தார். முதலாண்டு முடிந்தது. இரண்டாம் ஆண்டுக்குக் கதவு அடைக்கப்பட்டது. ட்ருஹியோவைப் பாராட்டி மேடையிலே பேசினால்தான் கதவு திறக்கும் என்ற நிலை. பேசினார். வீராங்கனை வாழ்விலே இப்படியும் ஒரு பக்கமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். நான் மறைக்க மாட்டேன். கொடுங்கோலாட்சி எதுவென்று அந்தப் பக்கம்தான் தெளிவாகக் காட்டுகிறது. எதிரியின் வாயை அடைப்பதோடு அது நிற்பதில்லை. அந்த வாயிலிருந்தே தன் புகழைக் கேட்டு மகிழ விரும்புகிறது.

மாணவராக இருந்தபோது மனோலோ தவாரெஸ் என்ற சட்ட மாணவரைச் சந்தித்தார். 1955ல் திருமணம். அதே ஆண்டு டிசம்பரில் தலைநகரிலே ட்ருஹியோ ஆட்சியின் 25ஆம் ஆண்டு நிறைவுக்காக ஓர் உலகக் கண்காட்சி தொடங்கிற்று. சுதந்திர உலகின் சமாதானத்துக்கும் சகோதரத்துவத்துக்கும் என்று பெயர். சமாதானமாம்! சுதந்திரமாம்! அவன் மகளே விழா அரசியாக முடிசூட்டப்பட்டாள். அமெரிக்கத் துணைத்தலைவர் நிக்சன் 1955 மார்ச்சிலே வந்து விருந்துண்டு போயிருந்தார். பொதுவுடைமைக்கு எதிரி என்று ட்ருஹியோ மார்தட்டினான். வாஷிங்டனுக்கு அது போதுமானதாக இருந்தது.

1956 மார்ச் 12. மினர்வாவின் முப்பதாம் பிறந்தநாள். அன்றுதான் நியூயார்க் நகரிலே கொலம்பியா பல்கலைக் கழக ஆசிரியர் ஹெசூஸ் தே கலிந்தெஸ் காணாமற்போனார். ட்ருஹியோ ஆட்சியைப் பற்றி ஆய்வுநூல் எழுதியவர் அவர். உடலும் கிடைக்கவில்லை. அமெரிக்க மண்ணிலேயே நடந்த இந்தக் கொடுமைக்குப் பிறகு அங்கே பத்திரிகைகளும் மக்கள் மன்ற உறுப்பினர் சிலரும் குரல் எழுப்பினர். உறவு கசந்தது, ஆனால் அறுபடவில்லை.

1957ல் மினர்வா சிறப்பாகத் தேறிச் சட்டப் பட்டம் பெற்றார். வழக்கறிஞராகத் தொழில் நடத்த உரிமம் தர அரசு மறுத்தது. பெண்ணுக்கு உரிமைகள் தந்துவிட்டோம் என்று உலகெங்கும் முழங்கிய நாட்டிலே, சட்டம் படித்த பெண்ணுக்கு நீதிமன்றத்திலே நிற்க இடமில்லை. பட்டத்தைச் சுவரிலே மாட்டிக்கொள்ளலாம். ட்ருஹியோ பலகைக்குப் பக்கத்தில்!

வண்ணத்துப்பூச்சி

1959 ஜூன் 14. கியூபாவிலிருந்து விமானம் ஏறி வந்த டொமினிக்கன் புரட்சி இளைஞர்கள் கொன்ஸ்தான்சா மலைப்பகுதியிலே இறங்கினர். சில நாட்களுக்குள் கடல் வழியாகவும் இன்னொரு பிரிவு வந்தது. பெரும்பாலோர் கொல்லப்பட்டனர். போர் தோற்றது, ஆனால் பொறி பறந்தது. மலைப்பகுதியிலே வழிபாட்டுக்காகச் சென்றிருந்த மூத்த சகோதரி பாத்ரியா அந்தக் கொலைகளைக் கண்ணால் கண்டார். பக்தியும் குடும்பமுமே உலகம் என்றிருந்தவர் அவர். அன்றோடு அவரும் தங்கையின் பக்கம் வந்து நின்றார். கடைக்குட்டி மரியா தெரெசா முன்னரே வந்துவிட்டார்.

1960 ஜனவரியிலே இரகசியக் கூட்டங்கள் நடந்தன. இயக்கத்துக்கு ஜூன் 14 என்றே பெயர் வைத்தனர். மனோலோ தலைவர். மினர்வா அதன் மூளையும் முதுகெலும்பும். இயக்கத்திலே அவருக்கு வழங்கிய மறைபெயர் வண்ணத்துப்பூச்சி. வழக்கறிஞர், மாணவர், விவசாயி, எழுத்தர், நடுத்தர வீட்டுப் பிள்ளைகள் என்று பலரும் சேர்ந்தனர்.

ஒற்றர்படை மோப்பம் பிடித்தது. அதே ஜனவரியிலே நூற்றுக்கணக்கானோர் கைது. தலைநகரிலே நாற்பது என்ற எண்ணால் அழைக்கப்பட்ட சித்திரவதைக் கூடம் ஓலமிட்டது. மூன்று சகோதரிகளின் கணவன்மாரும் உள்ளே. மினர்வாவும் மரியா தெரெசாவும் உள்ளே. அதுவரை ஆட்சியோடு இணங்கி இருந்த கத்தோலிக்கச் சபையே ஜனவரி 31ல் தேவாலயங்களிலே கடிதம் வாசித்துக் கண்டித்தது. சில வாரங்களில் பெண்களை விடுவித்தார்கள். மே மாதம் மறுபடியும் பிடித்தார்கள், தண்டனையும் விதித்தார்கள்.

உலகம் விழித்த விதம்

இந்த வேளையிலே வெளிநாடுகள் என்ன செய்தன? இதைத் தோழர்கள் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

அமெரிக்கக் கண்ட நாடுகளின் அமைப்பைச் சேர்ந்த சமாதானக் குழு 1960 ஜூன் மாதம் அறிக்கை தந்தது. டொமினிக்கன் குடியரசிலே மனித உரிமைகள் பரவலாக மிதிக்கப்படுகின்றன என்று அது கண்டறிந்தது. அறிக்கை வந்தது, நடவடிக்கை வரவில்லை.

ஜூன் 24ஆம் நாள் வெனிசுவேலாவின் தலைநகர் கராகஸிலே குண்டு வெடித்தது. குறி, குடியரசுத் தலைவர் ரோமுலோ பெட்டன்கோர்ட். கை கருகிற்று, உயிர் தப்பினார். ஏவியவன் ட்ருஹியோ. இப்போது உலகம் எழுந்தது! ஆகஸ்டிலே கோஸ்டாரிகாவின் சான் ஹோசே நகரிலே வெளியுறவு அமைச்சர்கள் கூடினர். ட்ருஹியோ அரசோடு தூதுறவை முறிப்பது, ஆயுத விற்பனையை நிறுத்துவது என்று முடிவெடுத்தனர். ஆகஸ்ட் 26ல் அமெரிக்காவும் உறவை முறித்தது.

30 ஆண்டுகளாகச் சிறையிலே வெந்த மக்களுக்குக் கிடைத்தது அறிக்கை. ஒரு தலைவரின் கை வெந்ததும் வந்தது தண்டனை. அதுவும் முழு மனதோடா? கியூபாவிலே காஸ்ட்ரோ ஆட்சிக்கு வந்துவிட்டார்; கியூபா சர்க்கரையை அமெரிக்கா வாங்க மறுத்தது; அந்தப் பங்கிலே ஒரு பகுதி சட்டப்படி ட்ருஹியோவின் கரும்பாலைகளுக்கே போய்ச் சேரும் நிலை. தூதுவரைத் திரும்ப அழைத்த கை, சர்க்கரைக்குப் பணத்தை எண்ணிக் கொடுத்தது. அமெரிக்க நாடாளுமன்றத்திலே அவனுக்கு வேண்டியவர்கள் இருந்தார்கள். பங்கைக் குறைக்க வழி கிடைக்காததால், ஜனாதிபதி ஐசன்ஹோவர் அந்தச் சர்க்கரைக்கு ராத்தலுக்கு 2 சென்ட் தனிக் கட்டணம் விதித்தார்.

ஆனாலும் ஒன்றை மறுக்கக் கூடாது. நெருக்குதல் பலித்தது. பணமுடை வந்தது. பன்னாட்டுக் கண்கள் தன்மீது பதிந்த அந்த ஆகஸ்டிலே ட்ருஹியோ மினர்வாவையும் மரியா தெரெசாவையும் விடுவித்தான். முன்பே, பத்தாண்டு முன்பே, அந்தக் கண்கள் திறந்திருந்தால்? இந்தக் கேள்விதான் நெஞ்சைக் குடைகிறது. விடுதலையும் முழு விடுதலையன்று. வீட்டுக் காவல். வெளியே போகலாம், இரண்டு காரியங்களுக்கு மட்டும்: தேவாலயம், கணவனைக் காணச் சிறை.

மலைச்சாலை

நவம்பரிலே மனோலோவையும் மரியா தெரெசாவின் கணவரையும் தலைநகர்ப் பக்கத்துச் சிறையிலிருந்து வடகரையிலுள்ள புவெர்த்தோ பிளாத்தா சிறைக்கு மாற்றினார்கள். சால்செடோவிலிருந்து அங்கே போக மலைச்சாலை வழி. ஆள் நடமாட்டம் குறைந்த சாலை. ஏன் மாற்றினார்கள் என்பது பிறகு விளங்கிற்று. சுற்றத்தார் எச்சரித்தார்கள். கணவர்மாரே வரவேண்டாம் என்றார்கள். சிறையிலே கிடப்பவனுக்கு ஒரு முகம் காணக் கிடைக்காவிட்டால் என்ன ஆவான் என்பது சிறை கண்ட பெண்களுக்குத் தெரியும். போனார்கள்.

1960 நவம்பர் 25, வெள்ளிக்கிழமை. பாத்ரியாவின் கணவர் இருந்தது வேறு சிறை. ஆயினும் தங்கைமாரைத் தனியே விட மனமின்றி அவரும் உடன் சென்றார். வண்டி ஓட்டியவர் ரூபினோ தே லா குரூஸ். இந்தப் பெண்களுக்கு வண்டியோட்ட அஞ்சியவர் பலர் இருக்க, அஞ்சாமல் முன்வந்த உழைப்பாளி. கணவன்மாரைக் கண்டு திரும்பும்போது ஒற்றர்படையினர் வழிமறித்தார்கள். நால்வரையும் பிரித்து இழுத்துச் சென்றார்கள். தடியால் அடித்தே கொன்றார்கள். உடல்களை ஜீப்பிலே ஏற்றி, பள்ளத்திலே உருட்டிவிட்டார்கள். பாத்ரியாவுக்கு வயது 36, மினர்வாவுக்கு 34, மரியா தெரெசாவுக்கு 25. தாயற்றுப் போன குழந்தைகள் ஆறு.

செய்தியேடு விபத்து என்று அச்சிட்டது. மூன்று பெண்களைக் கொன்றதும் தொல்லை தீர்ந்தது என்று எண்ணினான் ட்ருஹியோ. அங்கேதான் அவன் கணக்குப் பிசகிற்று. பழகிப்போன கொடுமைகளைப் பல்லைக் கடித்துப் பொறுத்தவர்களும் இதைப் பொறுக்கவில்லை. அவன் விருந்திலே உண்டவர்கள், அவன் படையிலே பதவி வகித்தவர்கள், அவர்களிலேயே சிலர் துப்பாக்கி ஏந்தினார்கள். 1961 மே 30 இரவு, சாலையிலே காரை மறித்துச் சுட்டார்கள். அந்தச் சதிகாரர்களுக்கு அமெரிக்க உளவுத்துறை சில துப்பாக்கிகளைத் தந்திருந்தது என்பதை 1975ல் அமெரிக்க செனட் குழுவே வெளியிட்டது. ஆளாக்கி விட்டதும் அவர்கள். ஆகாதபோது ஆளையே தீர்க்கத் துணை நின்றதும் அவர்கள்.

மீதிக் கதை

கொடுங்கோலன் செத்தான், கொடுமை உடனே சாகவில்லை. சிறையிலிருந்து வெளிவந்த மனோலோ இயக்கத்தை நடத்தினார். 1962 டிசம்பரிலே மக்கள் தேர்தலிலே ஹுவான் போஷ் வென்றார். 1963 செப்டம்பரிலே இராணுவம் அவரைக் கவிழ்த்தது. மக்கள் தந்த தீர்ப்பைக் காக்க மலையேறிய மனோலோ, அவ்வாண்டு டிசம்பரிலே சுட்டுக் கொல்லப்பட்டார். 1965 ஏப்ரலிலே போஷ் ஆட்சியை மீட்க மக்கள் கிளர்ந்தபோது, அமெரிக்கப் படை மறுபடியும் வந்திறங்கிற்று. 1916ல் வந்த அதே கடற்கரை! சகோதரிகளைக் கொன்றதற்காக 1962ல் தண்டனை பெற்றவர்கள் அந்தக் குழப்பத்திலே தப்பிப் போனார்கள்.

எஞ்சிய சகோதரி டேடே ஒப்பாரியோடு ஓய்ந்துவிடவில்லை. தன் பிள்ளைகள் மூவரோடு தாயற்ற ஆறு பிள்ளைகளும் வளர அவரும் முதிய தாயும் துணை நின்றனர். வீட்டை நினைவகமாக்கினார். 2014 வரை வாழ்ந்து, வந்தவர்க்கெல்லாம் கதை சொன்னார். மினர்வாவின் மகள் மினோ பின்னாளிலே அந்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினரானார். 1981ல் கொலம்பியாவின் பொகோட்டா நகரிலே கூடிய லத்தீன் அமெரிக்கப் பெண்கள், நவம்பர் 25ஐத் தங்கள் நாளாக அறிவித்தனர். எந்த அரசும் சொல்லி அவர்கள் அதைச் செய்யவில்லை. 18 ஆண்டுகள் தெருவிலே நடந்த பிறகு அந்த நாள் ஐ.நா. சபைக்குள் நுழைந்தது. 1999 டிசம்பர் 17ல் பொதுச்சபை அதை உலக நாளாக ஏற்றது.

அந்தச் சபைக்குச் சாசனம் எழுதியபோது ஒரு மினர்வா கையெழுத்திட்டார். அவர் கையெழுத்தை ட்ருஹியோ விளம்பரமாக்கினான். அதே சபை, 54 ஆண்டுகள் கழித்து, இன்னொரு மினர்வாவின் குருதி படிந்த நாளை ஏற்றது. முதலாமவர் எழுதிய சொல்லுக்கு இரண்டாமவர் உயிர் கொடுத்தார். ஏடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, தோழர்களே! ஏட்டைக் கையிலேந்தி, எழுதியபடி நட என்று கேட்க ஆள் வேண்டும், அமைப்பு வேண்டும் என்கிறேன்.

ஓர் அரசு பெண்களை எப்படி நடத்துகிறது என்று அளக்க வேண்டுமா? அது இயற்றிய சட்டங்களை மட்டும் எண்ணாதீர்கள். அதன் தூதுவர்கள் வெளிநாட்டு மேடையிலே பேசும் பேச்சை மட்டும் கேட்காதீர்கள். ஆட்சியிலிருப்பவனைப் பார்த்து ஒரு சாதாரணப் பெண் இல்லை என்று சொல்லிவிட்டு, அன்றிரவு தன் வீட்டிலே நிம்மதியாக உறங்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லையென்றால் அங்கே வாக்குச்சீட்டு வெறும் காகிதம். அந்த நாட்டோடு கைகுலுக்கும் வல்லரசு எதுவானாலும், சர்க்கரைக்காகவோ எண்ணெய்க்காகவோ எதிரிக்கு எதிரி என்பதற்காகவோ கண்ணை மூடிக்கொண்டால், அந்தக் கையிலும் கறை உண்டு.

சாந்தோ டொமிங்கோ கடற்கரைச் சாலையிலே ஓர் உயர்ந்த கல்தூண் நிற்கிறது. தலைநகருக்குத் தன் பெயரிட்ட பெருமையைப் பறைசாற்ற 1937ல் ட்ருஹியோ காலத்திலே எழுப்பிய தூண். நகரம் இன்று பழைய பெயருக்குத் திரும்பிவிட்டது. மலையும் அவன் பெயரை உதறிவிட்டது. தூண் மட்டும் நிற்கிறது. 1997ல் மகளிர் நாளன்று அதற்குப் புதுக்கோலம் பூட்டினார்கள். அவன் எழுப்பிய கல்லின்மேல், அடி முதல் முடி வரை, மிராபல் சகோதரிகளின் ஓவியம்!